மிளகாய் தரையைத் தொடும் உயரம்

ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு ஒரே ஒரு ராஜாவாம். அந்த ராஜாகிட்ட ஒரே ஒரு குதிரையாம். பகலெல்லாம் அந்தக் குதிரை நிமிர்ந்து நிற்குமாம். ராஜா கண்ணை மூடினதும் அதுவும் மெதுவா மண்டி போட்டுப் படுத்துக்குமாம். ராஜா எழுந்து வர்றதுக்குள்ள இதுவும் எழுந்து நின்னுக்குமாம். தன் குதிரை படுக்கிற குதிரைன்னு அந்த ராஜாவுக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாதாம்.

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி விசிறிக்குக் கீழே வாங்க. டிரைவர் வேலைக்குன்னு வந்தவனை உட்கார வச்சு ராஜா கதை சொல்றாரேன்னு பார்க்கிறீங்க. சிரிச்சுக்கலாம், தப்பில்லை. சாவி உங்க கையிலேயே இருக்கட்டும். ஓட்டிப் பார்க்கிறதெல்லாம் அப்புறம். உங்களுக்கு முன்னால வந்தவங்ககிட்டேயும் இதையேதான் சொன்னேன். வண்டியைத் தொடறதுக்கு முந்தி என் பேச்சைக் கேட்டுடணும்.

கதையில வர்ற குதிரை படுக்கலாம். அது உசுருள்ளது, களைப்பு இருக்கும். கார் படுக்கலாமுங்களா?

என் பேரு குழந்தைவேல். சேலம் ரோட்டுல கடையைப் பார்த்துட்டுத்தான் வந்திருப்பீங்க. நாமக்கல் சுத்துவட்டாரத்துல எந்த லாரிக்காரரைக் கேட்டாலும் சொல்லுவாரு. லாரிக்கு அடியில அடுக்கடுக்கா வளைச்சு வச்சிருக்கிற இரும்பு, கமான் பட்டை, அதுதான் எனக்குச் சோறு. டிரைவருக்கு நான் விளக்கணுமா. பாரம் தாங்கறது எஞ்சின் இல்லை, பட்டைதான். அது நேர்மையானது தம்பி. ஒடியறதா இருந்தா டப்புன்னு சத்தம் போட்டுட்டு ஒடியும். வண்டி ஒரு பக்கம் சாயும், டிரைவர் இறங்கிப் பார்ப்பாரு, நேரா நம்ம கடைக்கு வருவாரு. மறைக்கிற பழக்கம் இரும்புக்குக் கிடையாது.

மனுஷனுக்கு உண்டு. அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

சின்ன வயசுல பட்டறையில சம்மட்டி அடிச்சவன் நான். ஒரு இரும்புத் துணுக்கு தெறிச்சு இடது கண்ணுல பட்டது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்ககூட முதல்ல அந்தப் பக்கம் வந்து நின்னீங்க, நான் கவனிக்கலை, கோவிச்சுக்காதீங்க. அதனால ஊர் லாரிக்கெல்லாம் பட்டை கட்டின எனக்கு ஸ்டியரிங் பிடிக்கிற யோகம் இல்லாமலே போச்சு. எனக்குன்னு ஒரு டிரைவர் வேணும். எப்பவும் வேணும். செம்மலை இருந்தான்.

அவனைப் பத்திச் சொல்லாம இந்தக் காரைப் பத்திச் சொல்ல முடியாது. கடைக்குன்னு ஒரு பழைய டெம்போ வாங்கின காலத்துல வந்து சேர்ந்தவன். ராசிபுரம் பக்கம். என்னைவிட ஒரு அஞ்சாறு வயசு சின்னவனா இருப்பான். அண்ணான்னுதான் கூப்பிடுவான். முதலாளின்னு கூப்பிடச் சொன்னதும் இல்லை, அவன் கூப்பிட்டதும் இல்லை. பேச்சு கம்மி. ஒண்ணு கேட்டா அரைதான் வரும். அந்தக் குணம் எனக்குப் பிடிச்சிருந்தது. பேசாத ஆள் பொய் சொல்ல மாட்டான்னு ஒரு நினைப்பு எனக்கு. பாருங்க, எவ்வளவு பெரிய தப்பு.

இந்தக் காரைத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்காரர்கிட்ட வாங்கினேன். ஜெர்மன் வண்டி. ரெண்டாம் கைதான், ஆனா நான் சொன்னாத்தான் தெரியும். இதுக்கு அடியில பட்டையும் கிடையாது, சுருளும் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் ரப்பர்ல காத்துப் பை. காத்தை அடைச்சு அது மேல வண்டி நிற்குது. ஸ்டார்ட் பண்ணினா உள்ளே குட்டியா ஒரு கம்ப்ரசர் உறுமும். வண்டி மூச்சு இழுக்கும். முதல்ல பின்பக்கம் தூக்கும், அப்புறம் முன்பக்கம் தூக்கும், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். இரும்பை அடிச்சுச் சம்பாதிச்சவன் காத்து மேல உட்கார்ந்து போறான்னு ஊர்ல பேசினாங்க. எனக்கும் கேட்க இனிப்பாத்தான் இருந்தது.

வண்டி வந்த அன்னிக்கே பாவாயி, என் வீட்டுக்காரி, முன் பம்பருக்கு அடியில எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டா. கடைசி மிளகாய்க்கும் தரைக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை பழசை அவிழ்த்து முச்சந்தியில போட்டுட்டுப் புதுசு கட்டுவா. அதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் செம்மலைகிட்ட ஒரு மாற்றம். விடிஞ்சதும் விடியாததுமா வர ஆரம்பிச்சான். நான் பல் தேய்ச்சு, காபி குடிச்சு, பேப்பர் பார்த்துட்டு வெளியே வர்றப்போ வண்டி குளிச்ச மாதிரி துடைச்சு, ஸ்டார்ட் பண்ணி, நிமிர்ந்து நிற்கும். படுக்கையில இருக்கும்போதே கம்ப்ரசர் சத்தம் கேட்கும் தம்பி. அதைக் கேட்டுட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். வண்டியைச் சாமி மாதிரி பார்த்துக்கிறானேன்னு எனக்குப் பெருமை. வியாபாரிங்க சங்கத்துல சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவேன். உங்க டிரைவர் வேலைக்கு வர்றான், என் டிரைவர் பூஜைக்கு வர்றான்னு.

கல்யாணம், காதுகுத்துன்னு எங்கே போனாலும் அவன் வண்டியை விட்டு இறங்க மாட்டான். பந்திக்கு வான்னா, 'நீங்க சாப்பிட்டு வாங்கண்ணா, நான் வண்டியிலயே இருக்கேன்'ம்பான். எஞ்சினை ஓட விட்டுட்டு உட்கார்ந்திருப்பான். ஏ.சி. சுகம் கண்டுட்டான்னு நினைச்சு நான்கூட ரெண்டு வார்த்தை கடிஞ்சிருக்கேன். டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதான்னு ஒரு தடவை கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். வெளியூர்ல தங்கற மாதிரி இருந்தா, எப்படியாவது அன்னிக்கே திரும்பிடலாம்னு பிடிவாதம் பிடிப்பான். அவன் பொண்ணு வயசுக்கு வந்த சீர் அன்னிக்குக்கூட, மாமன் மாலை போட்டு முடியறதுக்கு முந்தியே கிளம்பி இங்கே வந்துட்டான். மறுநாள் காலைல நான் ஈரோடு போக வேண்டியிருந்தது. என்னடா இவ்வளவு சீக்கிரம்னு கேட்டேன். வண்டியை எடுக்கணுமில்லைங்கண்ணான்னான். எவ்வளவு பாசமான ஆளுன்னு பாவாயிகிட்டச் சொன்னேன். அவ இட்லித் தட்டைக் கழுவிட்டே இருந்தா.

அப்புறம் அந்த டீக்கடைப் பேச்சு. கடை வரிசையில பக்கத்துக் கடை மயில்சாமி ஒரு வாய்க்காரன். எல்லோரும் நிற்கும்போது சொன்னான்: 'அண்ணா, காத்துல நிற்கிற வண்டியை நம்பாதீங்க. ராத்திரி நிறுத்தினா காலைல ஒட்டகம் மாதிரி மண்டி போட்டிருக்கும். பனியன் கம்பெனிக்காரன் சும்மாவா கைமாத்தி விட்டான்?'

எனக்குச் சுருக்குன்னது. பட்டைக் கடைக்காரன் என்கிட்டேயே வண்டி உட்காரும்னு சொல்றானேன்னு. நானும் சொல்லிட்டேன்: 'என் வண்டி ஒரு நாள் உட்கார்ந்தாலும் சரி, அன்னிக்கே கடையைச் சாத்திட்டு எருமை மேய்க்கப் போறேன்.'

எல்லாரும் சிரிச்சாங்க. செம்மலை டீ கிளாஸோட அங்கேதான் நின்னான். அவன் சிரிக்கலை. அதை நான் அன்னிக்கே கவனிச்சிருக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு, கரூர் பைபாஸ்ல போய்க்கிட்டு இருக்கும்போது, கண்ணாடியில என்னைப் பார்த்து, 'அண்ணா, வண்டி விஷயமா ஒண்ணு சொல்லணும்'னான். நான் மயில்சாமி ஞாபகத்துலயே இருந்தேன். வண்டியில நொட்டை சொல்றதா இருந்தா என்கிட்டப் பேசாதே, இறங்கிப் போய் மயில்சாமிகிட்டப் பேசுன்னேன். சரிங்கண்ணான்னுட்டான். அதோட விட்டுட்டான் தம்பி. ஒரு மனுஷன் உண்மை சொல்ல நினைச்சா அதோட விடுவானா? நான் ஒரு வார்த்தை சொன்னா அவன் மறுவார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அங்கேதான் அவன் மனசு தெரியுது.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். என் சின்னப் பொண்ணு யாழினி. எம்.எஸ்ஸி. படிச்சிருக்கா. பெரியவளைக் கட்டிக் குடுத்தாச்சு, இவ ஒருத்திதான் பாக்கி. கரூர்லேருந்து நல்ல இடம் ஒண்ணு வந்தது. ஜவுளிக்காரங்க, நல்ல பேரு. பையன் போட்டோவை வாங்கிப் பார்த்த யாழினி அதைத் திருப்பிக் குடுக்கவே இல்லை. அதுலயே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை வீடு பார்க்க வர்றோம்னாங்க. எனக்கு ஒரே ஆசை. அவங்க கேட்டுக்குள்ள நுழையும்போது முதல்ல கண்ணுல படறது இந்த வண்டியா இருக்கணும். அதனால போர்ட்டிகோவுல, இப்ப நிற்கிற மாதிரியே, மூஞ்சி கேட்டைப் பார்க்க நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

அந்த வாரம் பார்த்து செம்மலைக்குக் காய்ச்சல். வியாழக்கிழமையே படுத்துட்டான். ஆஸ்பத்திரியில பாட்டில் ஏத்தறாங்கன்னு அவன் சம்சாரம் போன் பண்ணினா. சரி, நமக்கு எங்கேயும் போற வேலை இல்லை, படுத்துக்கட்டும்னு விட்டேன். வண்டி மேல உறை போட்டிருந்தது. ஞாயித்துக்கிழமை காலைல நானே போய் உறையை எடுத்தேன்.

மண்டி போட்டிருந்தது தம்பி.

முன்பக்கம் அப்படியே தரையோட தரையா. சக்கரத்துல பாதி மட்கார்டுக்குள்ள போயிருந்தது. பார்க்கிறதுக்கு, யாரோ பின்னாலேருந்து பிடரியில அடிச்சு உட்கார வச்ச மாதிரி இருந்தது. நான் பட்டைக்காரன், எவ்வளவோ வண்டி சாய்ஞ்சு பார்த்திருக்கேன். என் வீட்டு வண்டியை அப்படிப் பார்க்க முடியலை. உறையைத் திரும்பப் போடலாம்னு பார்த்தா அதுக்குள்ள கேட்டுல அவங்க வண்டி ஹாரன்.

எல்லாரும் இறங்கினாங்க. பையனோட தாய்மாமன் ஒருத்தர், வெத்தலை வாய், நேரா வண்டிகிட்டப் போய் நின்னுட்டாரு. சுத்திப் பார்த்தாரு. 'ஏனுங்க, ஊரு லாரியெல்லாம் தூக்கி நிறுத்தறவரு வீட்டு வண்டி இப்படிக் கும்புட்டு நிற்குதுங்களே, எங்களைப் பார்த்துங்களா?'ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. யாழினிகூட ஜன்னல்கிட்ட நின்னு சிரிச்சா. நான் கண்ணால பார்த்தேன்.

நான் செம்மலைக்குப் போன் போட்டேன். அவன் சம்சாரம் எடுத்து, எழுந்திருக்க முடியலைங்கன்னா. எழுந்து வரச் சொல்லுன்னு வச்சுட்டேன். வந்தான். பழைய மொபெட்ல, சால்வையைப் போர்த்திக்கிட்டு, கையில அந்த ஊசி பிளாஸ்திரியோட வந்தான். யாரையும் பார்க்கலை. நேரா வண்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணினான். கம்ப்ரசர் உறுமிச்சு. பின்னாடி தூக்கினது, முன்னாடி தூக்கினது, வண்டி எழுந்து நின்னுக்கிச்சு. அந்தத் தாய்மாமன் கைதட்டினாரு. அதோட முடிஞ்சிருந்தா நானும் சேர்ந்து சிரிச்சுட்டு இருந்திருப்பேன்.

அவர் செம்மலையைப் பார்த்து, என்னங்க இது வித்தைன்னு கேட்டாரு. அவன் காய்ச்சல் மயக்கத்துல இருந்தானோ என்னவோ, பட்டுன்னு சொல்லிட்டான்.

'ஒண்ணுமில்லைங்க. தினமும் இப்படித்தான். காத்துப் பை ஒழுகுது. காலைல ஸ்டார்ட் பண்ணி விட்டா எழுந்துக்கும்.'

தினமும்.

தம்பி, நீங்க சொல்லுங்க. தினமும்னா என்ன? தினமும் என் வண்டி உட்கார்ந்திருக்கு, தினமும் இவன் வந்து நான் பார்க்கறதுக்குள்ள தூக்கி நிறுத்தியிருக்கான், தினமும் நான் வெளியே வந்து நிமிர்ந்த வண்டியைப் பார்த்துப் பூரிச்சுப் போயிருக்கேன். எத்தனை மாசமாடான்னு கேட்டேன். அவன் யோசிச்சான். யோசிக்கிற அளவுக்கு நாளாயிருக்கு. நான் அவன் கையிலேருந்து சாவியைப் பிடுங்கினேன். என்ன சொன்னேன்னு முழுசா ஞாபகம் இல்லை. துரோகின்னு சொன்னது ஞாபகம் இருக்கு. என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே கண்கட்டு வித்தை காட்டினியாடான்னு கேட்டது ஞாபகம் இருக்கு. அவன் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. பையனோட அம்மா என்ன பண்ணினாங்க தெரியுங்களா? என் வீட்டுல, என் நாற்காலியை இழுத்து, அவனை உட்காருங்கன்னாங்க. உள்ளே பார்த்து, கொஞ்சம் வெந்நீர் குடுங்கம்மான்னு கேட்டாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கேசரி அப்படியே இருந்தது. தேதி பேசாமலே கிளம்பிட்டாங்க. நாலு நாள் கழிச்சு, ஜாதகத்தை இன்னொரு இடத்துல பார்க்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா. ஒரு ஒழுகற காரால என் பொண்ணோட வாழ்க்கை போச்சேன்னு நான் புலம்பிட்டு இருந்தேன். யாழினி வந்து நின்னு, 'அவங்க காரைப் பார்க்கலைங்கப்பா'ன்னா. பின்ன எதைப் பார்த்தாங்கன்னு கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. உள்ளே போயிட்டா. கண்ணு முன்னாடி மண்டி போட்டிருந்தது கார்தானே தம்பி? வேற எதைப் பார்த்திருப்பாங்க?

இதோட முடியலை. அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே எலுமிச்சம்பழக் கயிறு ஞாபகம் வந்தது. வண்டி தினமும் உட்கார்ந்திருந்தா கயிறு தினமும் தரையில படுமே, நசுங்கியிருக்குமே, நமக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு குனிஞ்சு பார்த்தேன். கயிறு நசுங்கலை. ஏன்னா கயிறே இல்லை. பம்பரை ஒட்டினாப்பல ஒரே ஒரு எலுமிச்சம்பழம், அதுக்கு மேல ஒரு குட்டி மிளகாய். அவ்வளவுதான்.

பாவாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவ முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. வண்டி இறங்க இறங்க, அமாவாசைக்கு அமாவாசை ஒரு மிளகாயைக் குறைச்சுட்டே வந்தாளாம். கயிறு தரையில படுத்துக் கிடந்தா நீங்க பார்த்துடுவீங்கன்னுதான்னா.

பார்த்தீங்களா. நான் கட்டின வீடு, நான் வாங்கின வண்டி, நான் தாலி கட்டினவ. அவளும் அவனும் ஒரு வார்த்தைகூட இதைப் பத்திப் பேசிக்கிட்டதில்லையாம். அவன் பாட்டுக்குத் தூக்கி நிறுத்தியிருக்கான், இவ பாட்டுக்கு மிளகாயைக் குறைச்சிருக்கா. யாழினிக்குத் தெரிஞ்சிருக்கு. கடைப் பையன்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பால்காரருக்குத் தெரிஞ்சிருக்கு, அவர்தானே அந்த நேரத்துக்கு வர்றவரு. தெருவுக்கே தெரிஞ்ச விஷயம் எனக்குத் தெரியலை. ஏன் சொல்லலைன்னு பாவாயியைக் கேட்டேன். உங்ககிட்ட எப்படிங்க சொல்றதுன்னா. இது ஒரு பதிலா தம்பி? வாய் இருக்கு, சொல்ல வேண்டியதுதானே. இத்தனை வருஷத்துல நான் யார் பேச்சையாவது கேட்காம இருந்திருக்கேனா?

அவன் அப்புறம் ஒரே ஒரு தடவை வந்தான். காய்ச்சல் தெளிஞ்சு, கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. கேட் பூட்டுக்கு இன்னொரு சாவி அவன்கிட்ட இருந்தது, அதைக் குடுக்க வந்தான். நான் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். உட்காருன்னு சொல்லலை. சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது, சொல்லலை.

சாவியை வச்சுட்டு, 'வண்டி எப்படிங்கண்ணா இருக்குது?'ன்னான்.

வண்டி அப்போ மூக்கு தரையில படற மாதிரிக் கிடந்தது. அவனுக்கு முன்னாலதான் கிடந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னேன், 'நல்லா நிற்குது.'

அவன் வண்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். 'ஆமாங்கண்ணா, நல்லா நிற்குதுங்க'ன்னான்.

போகும்போதுகூடப் பொய். கண்ணு முன்னாடி கிடக்கிற வண்டியைப் பார்த்துட்டு வாய் கூசாமச் சொல்றான். இவனைப் போயி நான் தம்பி மாதிரி வச்சிருந்தேனே.

இப்ப ஏதோ ஸ்கூல் வேன் ஓட்டறானாம். காலைல இந்த ரோட்டுலதான் போறான். எனக்கு இன்னும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடுது தம்பி. படுத்த வாக்குல காதைத் தீட்டிக்கிட்டுக் கிடப்பேன். கம்ப்ரசர் சத்தம் இல்லாம எழுந்திருக்கப் பிடிக்கலை. பழக்கம், வேற ஒண்ணுமில்லை.

சரி, ஏன் சரி பண்ணலைன்னு கேட்பீங்க. சேலத்துல ஒரு ஷெட் இருக்கு, பையை மாத்திடலாம்னு சொன்னாங்க. ஆனா ஷெட்டுக்குப் போனா கடை வரிசை முழுக்கத் தெரியும். மயில்சாமி எருமை வாங்கிட்டு வந்து என் கடை வாசல்ல கட்டுவான், சொன்னா செய்யற ஆளு. அதனால நானே ஒரு யோசனை பண்ணினேன். அடியில மரக்கட்டை முட்டுக் குடுத்துப் பார்த்தேன், லாரிக்குக் குடுக்கிற மாதிரி. வண்டி கட்டை மேல உட்கார்ந்து அடித் தகடு நெளிஞ்சதுதான் மிச்சம். எலுமிச்சம்பழக் கயிறு விஷயத்துல மட்டும் பாவாயியை நம்பறதில்லை. போன அமாவாசைக்கு நானே கோத்தேன். பழைய நீளத்துக்கே கோத்தேன், ஒரு மிளகாய்கூடக் குறைக்காம. அதோ, பாருங்க. பாதிக் கயிறு தரையிலதான் கிடக்குது. கிடக்கட்டும். எனக்கு உண்மை வேணும்.

இன்னிக்கு உங்களை ஏன் அவசரமா வரச் சொன்னேன்னா, சாப்பாட்டு நேரத்துக்கு மேல ஈரோட்டுலேருந்து ஒரு இடம் வர்றாங்க. யாழினிக்குத்தான். இதுவும் நல்ல இடம். இதுவும் தட்டிப் போச்சுன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அவங்க வரும்போது வண்டி நிமிர்ந்து நிற்கணும், பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு டிரைவர் நிற்கணும். அவ்வளவுதான் கேட்கிறேன். பட்டனை அழுத்தினா ஸ்டார்ட் ஆகற வண்டிதானே, நீங்களே அழுத்தலாமேன்னு பாவாயி சொல்றா. வீட்டுக்காரனே குனிஞ்சு உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணிக்கிட்டிருந்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? டிரைவர் வைக்க வக்கில்லைன்னு நினைக்க மாட்டாங்களா?

சம்பளம் அதெல்லாம் நீங்க கேட்கிறதுதான். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. எது பட்டாலும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிடணும். நான் கேட்டுக்குவேன். என்னைத் தெரிஞ்சவங்க யாரை வேணும்னாலும் விசாரிங்க.

எங்கே எழுந்துட்டீங்க? பாருங்க, பாருங்க. தாராளமாப் பாருங்க. குனிஞ்சு பார்த்தாத் தெரியும், இடது முன் சக்கரம்தான்னு பாவாயி சொன்னா. எனக்கு அந்தப் பக்கம் சரியாத் தெரியாது.

என்ன சொல்றீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி.

பை விரிசல் விட்டிருக்கு. சரி. இப்படியே தினமும் தூக்கித் தூக்கி நிறுத்தினா கம்ப்ரசர் எரிஞ்சுடும். சரி. மாத்தாம ரோட்டுல எடுக்கக் கூடாது. சரிங்க, பார்க்கலாம், அதெல்லாம் ஈரோட்டுக்காரங்க வந்து போகட்டும். ஏன், இன்னிக்கே ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்கிறீங்களா? வந்தவங்ககிட்ட வண்டி வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லிடலாமா? நல்லாயிருக்கு. வந்ததும் வராததுமா எனக்குப் புத்தி சொல்றீங்க.

இல்லை, நான் கோவிச்சுக்கலை. என் குரலே இப்படித்தான். நேராச் சொல்லச் சொன்னேன்தான். இல்லைங்கலை. வண்டியைப் பத்திச் சொல்லச் சொன்னேன், எனக்கு வழி சொல்லச் சொல்லலை.

இன்னும் ஏதோ முணுமுணுத்தீங்க. என்ன அது?

'நீங்க கேட்கிற ஆளா இருந்திருந்தா அவர் சொல்லியிருப்பாருங்க.'

யாரு? செம்மலையா? அவனை உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. பார்த்ததுகூட இல்லை. பார்க்காத ஆளுக்காகப் பேசறீங்க. உட்கார வச்சு, விசிறியைப் போட்டு, மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டின எனக்காக ஒரு வார்த்தை பேசத் தோணலை உங்களுக்கு. டிரைவருக்கு டிரைவர் விட்டுக் குடுக்க மாட்டீங்க, அப்படித்தானே. உங்களுக்கு முன்னால வந்தவனும் இதேதான் பண்ணினான். அதுக்கு முன்னால வந்தவனும். எங்கேயிருந்து சொல்லி வச்சாப்பல வர்றீங்களோ.

சாவியை ஏன் அந்த நாற்காலியில வைக்கிறீங்க. கால் ஆடற நாற்காலி அது, விழுந்துடும்.

தம்பி. இருங்க தம்பி. ஒரு வார்த்தைக்கு இப்படிக் கிளம்பினா எப்படி. சரி, வேலைக்கு வேண்டாம். உங்க இஷ்டம், நான் கட்டாயப்படுத்தலை. ஆனா வந்தது வந்துட்டீங்க. போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, வண்டியைத் தூக்கி நிறுத்தி விட்டுட்டுப் போங்களேன். ரெண்டு நிமிஷ வேலை. அவங்க வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் தாங்கிடும். யாருக்கும் தெரிய வேண்டாம். பாவாயிகிட்டக்கூட நான் சொல்ல மாட்டேன்.

தம்பி.

சரி, போங்க. கேட்டை மட்டும் இழுத்துச் சாத்திட்டுப் போங்க. ரோட்டுலேருந்து பார்த்தாத் தெரியுது.